பத்திரிகையில் போட்ட பெரியப்பா

"அம்மா, பெரியப்பா யாருன்னு கேக்கறாங்க."

மொட்டை மாடியில் படுக்கை விரிப்புகளை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம். என் மகள் படியேறி வந்து கையில் போனோடு நின்றாள்.

"எந்தப் பெரியப்பாடி? உங்கப்பாவுக்குத்தான் கூடப் பொறந்தவங்களே கிடையாதே."

"பத்திரிகையில போட்ட பெரியப்பா."

விரிப்பின் ஒரு முனை கையிலிருந்து நழுவி ஈரத்தில் விழுந்தது. விஷயம் இன்னதென்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் நல்ல செய்தி இல்லை என்று மட்டும் புரிந்தது. அவள் முகம் அப்படி இருந்தது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மேலே அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரைக்கும்தான். மீதியெல்லாம் வந்து போகிறவர்களிடம் படித்தது. இங்கிலீஷும் அப்படித்தான் வந்தது, குழம்பில் காரம் கம்மியாகப் போடுவதும் அப்படித்தான் வந்தது. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு அது மறக்காது. கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மா ஒருநாள் சொன்னாள்: "மூஞ்சி நடிக்கும்மா, கால் நடிக்காது. வர்றவன் செருப்பை எப்படிக் கழட்டுறான்னு பாரு." அந்த வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷம் அறை விட்டேன்.

அந்த ரஷ்யாக்காரர் செருப்பை ஜோடி சேர்த்து, சுவர் ஓரமாகக் கழற்றி வைக்கிறவர்.

கார்த்திகையில் வருவார், மாசி முடியப் போவார். மாடியில் கோடி அறை அவருக்கு. காலையில் ஆசிரமத்துக்குப் போய் உட்காருவார். மத்தியானம் வந்து என்னோடு சமையல்கட்டில் வெண்டைக்காய் நறுக்குவார். ஒரே அளவாக, மெஷினில் விட்ட மாதிரி நறுக்குவார். என்ன தொழில் என்று கேட்டதற்கு, "இரும்பு" என்றார். எங்கள் ஊரில் இரும்பு என்றால் கம்பிக் கடை, பழைய இரும்புக் கடை. அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. ஒரு வருஷம் என் வீட்டுக்காரருக்கு டெங்கு வந்து ரத்த அணு இறங்கிப் போனது. அரசு ஆஸ்பத்திரித் தரையில் துண்டை விரித்துப் படுத்து, விடிய விடியக் கூடவே இருந்தவர் அந்த மனிதர்தான். கண் திறந்ததும் என் வீட்டுக்காரர் அவரை "அண்ணா" என்றார். அவர் "தம்பி" என்றார். அவருக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு தமிழ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்கு வேலூர்ப் பக்கம், வேலை கனடாவில். பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில், அச்சகத்தில் மாதிரிக்குக் கொடுத்த பத்திரிகையைச் சம்பந்தியம்மா கையில் வைத்துக்கொண்டு, "இன்னாங்க இது, மாமனுங்க பேரு வரிசையா கீது, பங்காளி பக்கம் ஒண்ணியும் காணோம்? பெரியப்பா சித்தப்பா இல்லாத பத்திரிகை, பல்லு போன வாய் மாதிரி இருக்கே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்கூடச் சிரித்துவிட்டேன், உவமை அவ்வளவு நன்றாக இருந்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்ததை யாரோ அவருடைய தப்பு என்று சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அச்சகத்துக்குப் போனவர், போலீஸில் கொடுப்பதற்காக நாங்கள் வாங்கி வைத்திருந்த அந்த ரஷ்யாக்காரரின் பாஸ்போர்ட் நகலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கூப்பிடுகிற பெயரைப் போட்டால் மரியாதைக் குறைவாம். தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என்று அந்த ரயில் நீளப் பெயரை முழுசாகப் போட்டு, பெயருக்குக் கீழே எல்லாரும் போடுகிற மாதிரி தொழிலும் போட்டாகிவிட்டது. பெரியப்பா. அதற்குக் கீழே அவர் பெயர். அதற்கும் கீழே, 'தொழிலதிபர், ரஷ்யா'.

சம்பந்தியம்மா வாயடைத்துப் போனார். அந்த ஒரு வரிக்கு எங்கள் சந்தில் அப்படி ஒரு மவுசு. கல்யாணத்தில் அந்த ரஷ்யாக்காரர் வேட்டி கட்டி, அவிழ்ந்துவிடாமல் பெல்ட் போட்டு, மாலையோடு மணமேடையில் நின்றார். எல்லாப் படத்திலும் தலை ஒரு முழம் உயரத்தில் தெரிகிறார்.

மகளின் விசாவுக்கு, கல்யாணம் நடந்ததற்குச் சாட்சியாக அந்தப் பத்திரிகையையும் அந்தப் படங்களையும்தான் கனடாவுக்கு அனுப்பினோம். மொழிபெயர்த்தவர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுத்தார். படத்துக்குக் கீழெல்லாம் என் மகள் தன் கையால் எழுதினாள்: இது அம்மா, இது மாமா, இது பெரியப்பா.

பெரியப்பா யாரென்று விசா ஆபீஸில் கேட்ட அன்று சாயந்திரம் மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். அங்கே விடிந்தும் விடியாத நேரம். குளிருக்குத் தலையில் எதையோ சுற்றியிருந்தார்.

"அத்தை, அவரு பேரு தடைப் பட்டியல்ல இருக்கு."

"என்ன தடைங்க மாப்பிள்ளை?"

"பொருளாதாரத் தடை. சண்டை நடக்குதில்ல, அதுக்காக."

"அது நாட்டு மேலதானே போடுவாங்க? ஆளு மேல எதுக்கு?"

"ஆளுங்க பேரையும் தனியா எழுதிப் போடுவாங்கத்தை. சண்டைக்குச் சாமான் செய்யறவங்க, அதுல சம்பாதிக்கறவங்க. அவங்க அந்த நாட்டுக்குள்ள வர முடியாது. அங்க இருக்கிற சொத்தை முடக்கிடுவாங்க. அவருக்குப் பதிலா வேற யாராவது உள்ள வராங்களான்னும் பாப்பாங்க. கல்யாணத்துக்கு அப்புறம்தான் இவரு பேரைச் சேத்திருக்காங்க. நமக்கு எப்படித் தெரியும்?"

மகள் போனில் தேடி ஒரு படத்தைக் காட்டினாள். கோட்டு, டை, பளபளக்கிற மேஜை. மெஷின் உதிரி செய்யும் தொழிற்சாலையாம். ஒரு ஊர் அளவுக்குப் பெரியது. முகம் அவர் முகம்தான். வெண்டைக்காய் நறுக்கிய கைதான் மேஜை மேல் இருந்தது. நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"என் பொண்ணு போக முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை."

அவர் தலையில் சுற்றியிருந்ததை இழுத்து விட்டுக்கொண்டார். "விளக்கம் கேட்டிருக்காங்கத்தை. திருப்தியா இல்லைன்னா மறுத்துடுவாங்களாம்."

அன்றைக்குப் பிடித்த பயம். பயத்துக்கு ஒரு குணம் உண்டு, வந்த இடத்தோடு நிற்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே தெரிந்தது. மேலே தங்கியிருந்த இத்தாலிக்காரப் பெண் தினமும் யாருக்கோ போனில் பேசுகிறாளே, யாருக்கு? மூன்றாம் அறைக்காரர் எப்போதும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாரே, எதற்கு? வெளிநாட்டுக்காரர் விவரம் வாங்கிப் போக ஸ்டேஷனிலிருந்து வழக்கமாக வரும் காவலர் வந்து பைக்கை நிறுத்தினார். அந்தச் சத்தத்துக்கே கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டேன்.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்திருக்கு? பிபி பாத்தீங்களா?"

"இல்லப்பா, சரியா தூங்கல."

"நீங்க தூங்காம எங்க, நாங்கதான் தூங்காம கீறோம். தீபம் வருதில்ல." காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் போன பிறகு வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கல்யாணத்துக்கு அந்த ரஷ்யாக்காரர் கொடுத்தது ஒரு ஜோடி குத்துவிளக்கு. தேரடி வீதியில் என்னையே கூட்டிப் போய் வாங்கினார். பூஜை அலமாரியிலிருந்து அதை எடுத்துப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். விளக்கை ஒளித்து வைத்த வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

சம்பந்தியம்மா போன் செய்தார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை.

"உங்க வெள்ளைக்காரப் பங்காளி நல்லா பண்ணாருங்க. பங்காளின்னா இப்படித்தான் குடியைக் கெடுக்கணும்."

"நீங்கதானே சம்பந்தியம்மா பங்காளி பேரு இல்லைன்னு..."

"நான் பேரு இல்லைன்னேன். ரஷ்யாவுலருந்து எறக்குமதி பண்ணச் சொன்னேனா? என் புள்ளை அங்க ஒத்தையில ரொட்டியைத் தின்னுகினு கெடக்கறான். கட்டிக்கினவ இங்க கெடக்கறா. இத்த எங்க போய்ச் சொல்றது?"

கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. அவர் குரலிலும் என் குரலில் இருந்ததுதான் இருந்தது.

முதலில் போனது, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த ஏஜென்டிடம். பேருந்து நிலையம் பக்கம் கம்ப்யூட்டர் வைத்துக் கடை நடத்துகிற பையன். வந்திருந்த கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு மேட்டரே இல்லக்கா" என்றான். "அச்சுப் பிழைன்னு போட்டுடலாம். வேற கல்யாணத்துப் பேரு இதுல கலந்துபோச்சுன்னு பிரஸ்காரர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கலாம்."

"வேற கல்யாணத்துல ரஷ்யாக்காரர் பெரியப்பாவா இருப்பாராப்பா?"

"நம்ம ஊர்ல இருப்பாருக்கா."

"படத்துல மாலை போட்டுக்கினு நிக்கிறாரே!"

"கிரிவலம் வந்தவரு மண்டபத்துல பூந்துட்டாருன்னு சொல்லலாம். பசிச்சா யாரு வேணா பூருவாங்க. மாலை, சும்மா யாரோ ஆசையா போட்டாங்கன்னு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்தேன். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பையன் சொன்னது எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. நாலு வரிப் பொய். பெரியப்பாவே இல்லை, யாரோ பசிக்கு வந்தவர். மாப்பிள்ளையும் போனில், "அதையே பண்ணிடலாமா அத்தை?" என்றார். அவர் வேலை செய்கிற இடத்தில் யாரோ, எதற்கும் ஒரு வக்கீலைக் கேளுங்கள் என்று சொன்னதால்தான் சென்னைக்குப் பஸ் ஏறினோம்.

வக்கீலம்மா என் வயதுக்காரர். மேஜையில் காகிதத்துக்கு நடுவே தயிர்சாத டப்பா திறந்தபடி இருந்தது. பத்திரிகையை வாங்கி வாய்விட்டுப் படித்தார். 'தொழிலதிபர், ரஷ்யா' என்ற இடத்தில் நிறுத்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"இதை ஏங்க போட்டீங்க?"

"எல்லாருக்கும் போட்டோம் மேடம். இவங்க தம்பிக்கு 'மின்வாரியம்'னு போட்டோம். அவருக்கு மட்டும் ஒண்ணும் போடாம விட்டா நல்லா இருக்காதுன்னு..."

அவர் டப்பாவை மூடி ஓரம் வைத்தார். பிறகு என் மகளைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் புரிகிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னார்.

"பட்டியல்ல இருக்கறவர் உள்ள போக முடியாது. அது அவரோட கஷ்டம். அவரைத் தெரியும்ன்றதுக்காக உன்னை நிறுத்தறதுன்னு கிடையாதும்மா. அவங்க தெரிஞ்சிக்க நினைக்கறது ரெண்டு. நெசமாவே சொந்தமா? அவர் பணமோ சொத்தோ உன் பேர்ல ஓடுதா? ரெண்டுக்கும் இல்லைன்னா, இல்லைன்னு சொல்லு. அப்புறம் ஏன் அச்சடிச்சீங்கன்னு சொல்லு. அவ்ளோதான். ஆனா இந்த அச்சுப் பிழைக் கதையை அனுப்புனீங்க, பொய்னு தெரிஞ்சுதுன்னா, அதுக்கு அஞ்சு வருஷம் கதவைச் சாத்திடுவாங்க. அவரு பேரால சாத்த மாட்டாங்க, உன் பொய்யால சாத்துவாங்க."

"குத்துவிளக்கு குடுத்தாரு மேடம்" என்றேன். "அது சொத்துல சேருமா?"

"கோடியில வித்துப் போடற விளக்கா?"

"பித்தளைதான்."

"அப்ப ஏத்துங்க" என்றார். "ஆனா ஒண்ணு. இவ அங்க போனதுக்கு அப்புறம் அவருக்கும் இவளுக்கும் நடுவுல ஒரு ரூபா கூட இப்படி அப்படிப் போகக் கூடாது. அந்த நாட்டுல இருக்கறவங்களுக்கு அது சட்டம். இப்போதைக்குப் பேச்சும் வேணாம், முடிவு வரட்டும்."

சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார். "நீங்கதான் எழுதணும். உங்க வார்த்தையில, தமிழ்லயே. அவரு எனக்கு அண்ணன் இல்லைன்னு."

அவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். "வீட்டுல போய் எழுதி அனுப்பறேங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தும் எழுதவில்லை. ஆட்டோவைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். பதில் அனுப்பக் கொடுத்த கெடு கரைந்துகொண்டிருந்தது. சமையல்கட்டில் இருந்தபடியே கேட்டேன், கத்தினேன் என்றே சொல்ல வேண்டும்.

"என்னங்க, நாலு வரி எழுத முடியலையா? உங்க கூடப் பொறந்தவரா அவரு?"

"கூடப் பொறந்தவனா இருந்தா சுளுவா எழுதிடுவேன்மா. சண்டை போட்டு, பாகம் பிரிச்சிக்கினு, நீ எனக்கு அண்ணன் இல்லடான்னு ஊர்ல பாதிப் பேரு சொல்றதுதானே. இவரு எங்கிட்ட பாகமா கேட்டாரு? இவரை இன்னான்னு சொல்லி இல்லைன்றது?"

"அவரு அங்க என்ன செஞ்சாரோ யாருக்குத் தெரியும்? சண்டைக்குச் சாமான் செஞ்சிருக்காரு. எத்தனை வீட்டுல எழவோ!"

"இருக்கலாம்" என்றார். "அதுவும் ராத்திரியெல்லாம் நெனப்புல வருது. ஆஸ்பத்திரித் தரையும் வருது. ரெண்டும் ஒரே ஆளா வருது. நான் இன்னா பண்ண?"

மகள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, எழுத முடியலைன்னா விடுங்க. நான் இங்கயே இருந்துடறேன். கோபமா சொல்லலை, நெசமாதான்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் எழுதியிருக்க மாட்டார். துணியை ஆட்டோ சீட்டில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அவர் எழுதியது இது. என் தகப்பனாருக்கு நான் ஒரே பிள்ளை. பத்திரிகையில் பெரியப்பா என்று போட்டிருப்பவர் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்தவர். ரத்த சம்பந்தம் இல்லை. எனக்கு டெங்கு வந்தபோது கூட இருந்தார், அதிலிருந்து அண்ணா என்று கூப்பிடுகிறேன். சம்பந்தி வீட்டில் பங்காளி பெயர் கேட்டார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது, அவர் பெயரைப் போட்டேன். அவர் தொழில் இன்னதென்று தெரியாது. அவர் பணம் எங்களிடம் இல்லை. கடைசியில் ஒரு வரி: 'இல்லை என்று எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.'

போனில் படம் எடுத்து அனுப்பினோம். வக்கீலம்மா உடனே கூப்பிட்டார். "எல்லாம் நல்லா இருக்குங்க. அந்தக் கடைசி வரி மட்டும் வேணாம்."

"அதுதான் மேடம் நெசம்."

"மேல எழுதினதும் நெசம்தானேங்க?"

என் வீட்டுக்காரர் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். பிறகு அந்த வரி இல்லாமல் வேறு தாளில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொழிபெயர்த்து அனுப்பியாயிற்று. டீக்கடைக்காரர் யாரிடமோ கேள்விப்பட்டு அவரிடம் சொன்னாராம், "மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைப்பா" என்று. நல்ல வார்த்தைதான், நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது மட்டும் அது என்னிடம் செல்லுபடியாகவில்லை. மடியில் இருப்பது கனமா காற்றா என்று பார்த்துச் சொல்கிறவர் வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கிறார், அவர் முகம்கூட நமக்குத் தெரியாது.

கார்த்திகை வந்தது. அந்த வருஷம் ரஷ்யாக்காரர் வரவில்லை. வேலையில் ஏதோ தொந்தரவு என்று முன்பே செய்தி அனுப்பியிருந்தார். கோடி அறையை வேறு யாருக்கும் விடவில்லை. தீபத்தன்று ஊர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாடியிலிருந்து மலை உச்சி நன்றாகத் தெரியும். தங்கியிருந்தவர்கள், அக்கம்பக்கத்தார் என்று மாடி நிறைந்திருந்தது. மகள் பரணிலிருந்து அந்தக் குத்துவிளக்கை எடுத்துத் துலக்கி, எண்ணெய் ஊற்றித் தயாராக வைத்திருந்தாள். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மலை மேல் சுடர் எழும்பியது. ஊரே அரோகரா என்றது. அந்தச் சத்தத்துக்குள் என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், என்னிடம் திருப்பிக் காட்டினார். அவர்தான். ஊருக்கு வர முடியாத வருஷம் தீபத்தை வீடியோவில் காட்டச் சொல்லி இதே நேரத்துக்குக் கூப்பிடுவார்.

"எடுக்காதீங்க" என்றேன். மலையைப் பார்த்துக் கும்பிட்டிருந்த கை அப்படியே இருக்க, வாய் மட்டும் சொன்னது.

அடித்து நின்றது. திரும்ப அடித்தது. என் வீட்டுக்காரர் அதை கையில் சிக்கிய குருவியைப் பிடித்திருப்பது மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். நசுக்கவும் முடியாது, பறக்க விடவும் முடியாது. மூன்றாம் தடவை அடித்தபோது மகள் அவர் கையிலிருந்து போனை வாங்கிவிட்டாள்.

"ஏய், வேணாம்டி! வக்கீலம்மா இன்னா சொன்னாங்க?"

அவள் தன் முகம் தெரியாமல் போனை மலைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். அழுத்தினாள். பேசவில்லை. அங்கிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது. "தம்பி? தீபம்! தீபம் வந்துச்சு!" சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு அவரும் பேசவில்லை. அவள் கை வலிக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு வார்த்தை, "மகளே?" என்றார். கை அவளுடையது என்று எதை வைத்துக் கண்டுபிடித்தாரோ. அவள் அழைப்பைத் துண்டித்து, போனை அப்பாவின் பையில் வைத்துவிட்டுப் போய்க் குத்துவிளக்கை ஏற்றினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உச்சியில் தீபம் எரிகிற வரைக்கும் தினமும் சாயந்திரம் மேலே ஏறிப் பார்ப்பேன், கும்பிடத் தோன்றாது. அந்தப் போன் எங்கேயாவது பதிவாகியிருக்குமோ, யாராவது கேட்டிருப்பார்களோ, ஒரு தீபத்தைக் காட்டியதற்கு என் பெண்ணின் வாழ்க்கை நின்றுபோகுமோ. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பு ஊருக்கே தெரிந்தது. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு ஒப்பித்தேன். "பேசினது குத்தம் இல்லம்மா, பயப்படாதீங்க" என்றார். பயப்படாதீர்கள் என்று சொல்லிப் போகிற பயம் இதுவரை எந்த ஊரிலும் இருந்ததில்லை.

மார்கழியில் ஒரு காலை, வாசலில் கோலத்துக்கு நடுவே பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்தேன். மகள் ஓடி வந்தாள். கோலத்தை மிதித்துவிட்டாள். "விசா குத்தறதுக்குப் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிட்டாங்கம்மா!" அப்படியே கோலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தியம்மாவுக்குச் சொன்னபோது, "நான் அன்னைக்குச் சொன்னதெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க" என்று அழுதார். அழுதுகொண்டே, "அடுத்து வளைகாப்புப் பத்திரிகையில யாரு பேரையும் போடாதீங்க தாயே" என்றும் சொன்னார்.

தையில் அவள் போனாள். போய் இறங்கி, வெளியே வந்து, மாப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். அவள் பேசுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பெரியப்பாவைப் பத்திக் கேட்டாங்களாம்மா?"

"இல்லப்பா. கேக்கவே இல்லை."

"அப்பாடா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணுமே கேக்கலையா?" என்றார்.

அந்த வாரமே அவர் போனில் ஒரு செய்தி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'தம்பி, மாசி வரேன். ரூம் இருக்கா?' நம் நாட்டுக்கு வர அவருக்குத் தடை ஒன்றும் கிடையாது. தடை அங்கே, என் மகள் இருக்கிற இடத்தில்.

இருவரும் சமையல்கட்டில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் பார்த்தோம். "வாடகை வாங்காதீங்க" என்றேன். "பொண்ணு அங்க இருக்கா. மாசம் நமக்குப் பணம் அனுப்பறேன்னு வேற சொல்லியிருக்கா. அவரு பணம் நம்ம வீட்டுல நுழையவே கூடாது."

"வாடகைக்கு இருந்தவர்னு எழுதிக் குடுத்திருக்கேனேம்மா" என்றார். "வாடகை வாங்காம வெச்சிக்கிட்டா அவரு யாரு?"

வாங்கினால் பயம், வாங்காவிட்டாலும் பயம். வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தபடி, "இன்னா அனுப்பட்டும்?" என்றார்.

நான் எழுந்து மாடிக்குப் போனேன். கோடி அறையைத் திறந்து ஜன்னலைத் தள்ளினேன். பழைய விரிப்பை உருவி எறிந்துவிட்டுப் புதியதை விரித்தேன். நான்கு முனையையும் மெத்தைக்கு அடியில் சொருக வேண்டும், ஒரு முனை மட்டும் நிற்கவே இல்லை. கீழே என் வீட்டுக்காரர் போனில் பதில் தட்டுகிற சத்தம் கேட்டது.